கொக்கோ ஓட்டுக்கு வந்த காய்ச்சல்

அம்பிட்டியவில் கொக்கோத் தோட்டம் குத்தகைக்கு எடுத்த முதல் தேயிலைத் தோட்டத்து ஆள் நான்தான். வேறு எவனாவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான்.

நிலம் மடவளை ஊர் முதலாளி ஒருவருடையது. மரங்களுக்கடியில் நெருப்பு வைத்தால் அன்றே வெளியேற வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. காயை உடைத்துக் கொட்டையை எடுத்த பின் மிஞ்சும் ஓடோ மலைபோலக் குவிந்தது. எரிக்கவும் வழியில்லை, போடவும் இடமில்லை.

ஒரு நாள் விழுந்து உக்கிக் கிடந்த முள்முருக்கங் கட்டையைப் புரட்டினேன். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல்போலப் பூஞ்சணம். அது படர்ந்த இடமெல்லாம் மரம் பிட்டு மாதிரி உதிர்ந்தது. கட்டையைத் தின்கிறது ஓட்டைத் தின்னாதா? யாரிடமும் கேட்கவில்லை. ஓட்டை நறுக்கி, சாணம் கரைத்துத் தெளித்து, ஒவ்வொரு அடுக்கிலும் பூஞ்சணம் பிடித்த அந்தக் கட்டை உக்கலைத் தூவி, வாழையிலையால் மூடினேன்.

சில நாள் கழித்து என் மனைவி குவியலுக்குள் கையை விட்டு வெடுக்கென்று இழுத்தாள்.

"என்னங்க, ஒங்க குப்பைக்குக் காய்ச்சல் அடிக்குது! கசாயம் வைக்கவா?"

சில வாரம் கழித்து ஒரு குளிர்ந்த காலையில் முதலாளி வந்தபோது குவியலிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குடை முனையால் கிளறினார். வெள்ளையாகக் கொட்டியது.

"இந்தா சாம்பல்! நெருப்பு வெக்க வாணாம்னு சொன்னனா இல்லியா? சாமானக் கட்டுங்க."

"சாம்பல் நூல் விடுமா மொதலாளி?" என்று ஓர் ஓட்டைப் பிய்த்துக் காட்டினேன். இரண்டு துண்டுக்கும் நடுவே வெள்ளை இழைகள் நீண்டு அறுந்தன. "மோந்து பாருங்க. பொகை வாசமா வருது?"

மோந்தார். மழைக்குப் பிறகு காளான் முளைத்த இடத்து வாசம். விரலால் நசுக்கினார், ஓடு மண்ணாக உதிர்ந்தது.

"நெருப்பில்லாம எப்பிடிச் சுடுது?"

"அது எனக்கும் தெரியாதுங்க."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து லேசில் வராது. முதலாளி சாரத்தைத் தூக்கிக் கட்டிக் குந்தினார். முழங்கை வரை கையை உள்ளே விட்டார்.

"சாமானக் கட்டவா மொதலாளி?" என்றாள் என் மனைவி, வேண்டுமென்றே.

"பொறுங்க தங்கச்சி. மண்வெட்டியக் கொண்டு வாங்க. அந்தப் பக்கமும் சுடுதான்னு பாத்துட்டு, அடுத்த வருஷக் குத்தகையப் பேசுவம்."