ஆல்பரியில் இறங்கத் தேவையில்லை

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு விமானத்தை விட்டுப் பகல் ரயிலில் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் அந்தப் பாதையில் பகல் ரயிலில் போய்வந்தது ஒரே ஒரு தடவைதான், 1974ஆம் ஆண்டு குளிர்காலத்தில். ஐம்பது வருடத்துக்கு முந்திய பயணத்தை வைத்து ஆலோசனை சொல்வது சரியா என்ற தயக்கத்தில் இந்தக் கட்டுரையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தேன். நேரமும் கட்டணமும் மாறியிருந்தாலும் தண்டவாளம் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது என்று இப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

என் மனைவி மலரின் தம்பி ராசன் அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஓர் அறை எடுத்திருந்தான். அவனைப் பார்க்கப் போவதாக இருந்தேன். நாங்கள் அப்போது மெல்பேர்ணில் மல்கிரேவில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் பெற்றி, வேலிக்கு மேலால் மலரிடம் இதைக் கேள்விப்பட்டு, தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று கேட்டார். அப்பாவின் பெயர் கிளெம். வயது எண்பத்து நான்கு. பெற்றியின் மகன் பீற்றர் சிட்னியில் படித்துக்கொண்டு அங்கே ஒரு ரக்பிக் கழகத்துக்கு ஆடினான். அந்தச் சனிக்கிழமை அவனுக்கு ஆட்டம் இருந்தது. பெற்றிக்கு ஆஸ்பத்திரியில் வேலை.

"பேரன்ர ஆட்டம் பார்க்கோணும் எண்டு வருசம் முழுக்கச் சொல்லுவார். ரிக்கற் எடுக்கட்டோ எண்டு கேட்டா வேண்டாம் எண்டுவார். நீங்கள் கூட வந்தா வருவார் போல கிடக்கு" என்றார் பெற்றி. (இவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.)

மலர் கதவை மூடிவிட்டுச் சிரித்தாள். "கடையில விலை கேக்கவே என்னை முன்னால அனுப்புற ஆள் நீங்கள். நீங்கள் ஒராளைக் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ?"

அவள் சொன்னது உண்மை. நான் வரைபட அலுவலகத்தில் வேலை செய்தேன். கோடும் அளவும் எனக்குப் பயம் தருவதில்லை. மனிதர்களிடம் எதையாவது கேட்க வேண்டும் என்றால் இரவில் நித்திரை வராது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் ஸ்பென்சர் தெரு நிலையத்திலிருந்து ரயில் புறப்பட்டது. சிட்னிக்கு ஏறத்தாழ 960 கிலோமீற்றர். பதின்மூன்று மணி நேரம் எடுத்தது. அந்த வருடம்தான் வீதிப் பலகைகளில் மைலை எடுத்துவிட்டுக் கிலோமீற்றர் போட்டார்கள். யன்னலால் ஒரு பலகையைக் கண்டதும் கிளெம், "நான் வீட்டில இருந்த நேரம் பார்த்து ஊரைத் தூரமாக்கிப்போட்டாங்கள்" என்றார்.

முந்நூறு கிலோமீற்றரில், மாநில எல்லையான மறி ஆற்றைக் கடந்ததும் ஆல்பரி வரும். மேடை முடிவில்லாமல் நீளும். ரயில் வேகம் குறையத் தொடங்கியதும் கிளெம் எழுந்து, தொப்பியைப் போட்டு, மேல் தட்டிலிருந்து பையை இழுத்தார்.

"எங்கே போறீங்கள்?"

"ரயில் மாற வேணும். கெதியா வாரும், நாதன். நல்ல இடம் போயிடும்."

நான் பயந்துபோய் என் பையையும் எடுத்துவிட்டேன். நான் பார்த்திருந்த கால அட்டவணையில் மாறுவது பற்றி ஒன்றுமில்லை. ஆனால் அட்டவணையைப் பார்த்த என்னைவிட அவர் உறுதியாக இருந்தார். வாசலில் நின்ற ரயில் ஊழியர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க, பெரியவர், வெளிக்கிட்டாச்சு?"

"சிட்னி ரயிலுக்கு."

"நீங்கள் நிக்கிறதே சிட்னி ரயில்தான். பாதை ஒண்டாகிப் பன்னிரண்டு வருசமாச்சு. போய் இருங்கோ, தேத்தண்ணி வருது."

முன்பு இரண்டு மாநிலங்களின் தண்டவாளங்களுக்கும் அகலம் வேறு. எல்லாரும் இங்கே இறங்கி மாறவேண்டியிருந்தது. பாதை ஒன்றான பிறகு கிளெம் சிட்னிப் பக்கம் போகவே இல்லை. திரும்பி வந்து இருந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

மலர் பாண் ரொட்டியும், செத்தல் மிளகாயும் தேங்காயும் இடித்த கட்டைச்சம்பலும் கட்டித் தந்திருந்தாள். கிளெமுக்கு வெறும் பாணைக் கொடுத்தேன். அவர் என் சம்பலைச் சுட்டிக்காட்டினார். ஒரு வாய் வைத்ததும் கண் சிவந்து, மூக்கு வடிந்து, கன நேரம் இருமினார். "இதைத் தந்திருந்தா அந்தக் காலத்தில மைதானத்தில ஒருத்தனும் என்னைப் பிடிச்சிருக்கமாட்டான்" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அதற்குப் பிறகுதான் கதை வந்தது.

ரக்பியில் இரண்டு வகை உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. மெல்பேர்ணில் ஆடுவது வேறொரு கால்பந்து. அங்கே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யூனியன் என்பது பதினைந்து பேர் ஆட்டம். அந்தக் காலத்தில் ஆடுபவர் ஒரு சதம்கூட வாங்கக்கூடாது. லீக் என்பது அதிலிருந்து பிரிந்துபோனவர்களின் பதின்மூன்று பேர் ஆட்டம். அங்கே சம்பளம் உண்டு, காயப்பட்டால் உதவியும் உண்டு. கிளெம் கப்பல் திருத்தும் இடத்தில் கொதிகலன் வேலை செய்த பொடியன். துறைமுகத்தின் வடகரையில் ஒரு யூனியன் கழகத்துக்கு ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரர். இருபத்தொரு வயதில் ஓர் ஆட்டத்தில் வலது கை முறிந்தது. ஒன்பது கிழமை வேலைக்குப் போகமுடியவில்லை.

"காசு தரேல்லை எண்டு எனக்குக் கோவமில்லை, நாதன். அது சட்டம். ஆனா ஒருத்தனும் வீட்டுக்கு வந்து கை எப்பிடி எண்டு கேக்கேல்லை. லீக்காரன் வந்து கேட்டான். நான் போயிட்டன்."

அவர் போன மறுவாரம் கழகச் செயலாளர் வீட்டு வாசலில் வந்து நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஆயுள் உள்ளவரை கழக மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போது துறைமுகத்துக்குக் குறுக்கே பாலம் இல்லை. வேலைக்குப் படகில்தான் போக வேண்டும். அதே படகில் வந்த பழைய கூட்டாளிகள் இவரைக் கண்டதும் எழுந்து மறுபக்கம் போவார்கள். அதில் பெர்சி என்பவன், முன்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் இவருக்குப் பந்து எறிந்தவன், முதலில் எழும்புவான். கிளெம் நான்கு பருவம் லீக் ஆடினார். பிறகு யுத்தம். பிரான்சிலிருந்து திரும்பியதும் மெல்பேர்ணுக்கு வந்துவிட்டார். "அங்க ஆரும் நீ எந்த ரக்பி எண்டு கேக்கேல்லை. அது நல்ல சுகமாயிருந்தது."

பீற்றர், இதெல்லாம் தெரியாமல், தங்குமிடத்துக்குக் கிட்ட என்று சேர்ந்தது அதே கழகம்.

"நான் வாசலில பிடிபட்டா எனக்கொண்டுமில்லை" என்றார் கிளெம். "லீக்காரன்ர பேரன் எண்டு பொடியனை அணியால தூக்கிப்போட்டா? நீர்தான் வாசலில கேக்கவேணும். ஓம் எண்டா வாறன். இல்லையெண்டா பேசாமல் திரும்பிப் போவம்."

மலைத்தொடர்ப் பக்கம் குளிர் ஏறி யன்னல் கண்ணாடி புகைந்தது. மிச்ச வழி முழுக்க நான் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சென்ட்ரல் நிலையத்தில் ராசன் காத்திருந்தான். விடயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான் வாசல்காரனோட கதைக்கப் போறாரோ? நான் கமரா கொண்டு வாறன்." ஆனால் சனிக்கிழமை அவனுக்கும் வேலை இருந்தது.

இரவு ராசனின் அறையில் தங்கி, மறுநாள் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து மின்சார ரயிலில் போய், டவுன் ஹோலில் மாறிப் பாலத்தைக் கடந்தோம். அந்தக் காலத்துச் சிவப்புப் பெட்டிகளுக்குக் கதவு திறந்தபடியே இருக்கும். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கிளெம் கீழே போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் பத்து நிமிட நடை. அவரோடு இருபத்தைந்து நிமிடம் ஆனது. வாசலுக்கு எதிரே ஓர் அத்திமரத்தடியில் நின்றுவிட்டார்.

வாசலில் மடக்கு மேசை போட்டு ஒரு பெண் ரிக்கற் விற்றுக்கொண்டிருந்தார். நான் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் கலைந்துபோய்விட்டது.

"முந்தி லீக் ஆடின ஒராள் உள்ளே வரலாமோ?" என்றேன்.

அவர் என் ஐந்தடி நான்கங்குலத்தைப் பார்த்தார். "ஆர், நீங்களோ?"

"இல்லை. அங்கே நிற்கிறவர். ஆயுள் தடை. 1911இல்."

"வாசலில குடிச்சிட்டு வாற வெறிகாரரைத்தான் நான் மறிக்கிறனான். அந்த மனுசன் குளிருக்குள்ள நிக்குது, கூட்டிக்கொண்டு வாங்கோ."

மலை இறங்கிய மாதிரி இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். கிளெம் மறுப்பாகத் தலையாட்டினார். "உவக்கு என்ன தெரியும்? ரிக்கற் விக்கிறவ. கமிற்றியில ஆரையும் கேளும்." அவர் வாசலைப் பார்க்கவே இல்லை, பேரன் உடற்பயிற்சி செய்யும் பக்கத்தைத்தான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காசுக்கு ஆடியவர் யூனியன் ஆடக்கூடாது என்ற சட்டம் அந்த வருடத்திலும் உயிரோடுதான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய பயம் முழுக்க வீணான பயம் அல்ல.

ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. நான் தனியே உள்ளே போனேன். கழகத்தார் இருந்த மேடையில் கழுத்துப்பட்டி கட்டாதவர் யாருமில்லை. என் நிறத்தவரும் யாருமில்லை. முன்வரிசையில் முழங்காலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு முதியவர். வயதால் பெரியவர் அவர்தான் என்று அவரிடம் போனேன். வேறு காரணம் இல்லை.

"ஐயா, கிளெம் என்று ஒருவர் வெளியே நிற்கிறார். வரலாமா என்று கேட்கச் சொன்னார்."

அவர் மைதானத்தைப் பார்த்தபடியே, "எந்தக் கிளெம்?" என்றார்.

"கை முறிந்தவர்."

அவர் முகம் மாறியது. பிழையாகச் சொல்லிவிட்டேனா, பீற்றரின் இடம் என்னால் போய்விட்டதா என்று எனக்கு வியர்த்தது. அவர் ஊன்றுபொல்லைத் தேடி எடுத்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், "பெர்சி, எங்க போறாய்? துவங்கப் போகுது" என்று பிடிக்கப் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டு நடந்தார். படகில் முதலில் எழும்பிய பெர்சி. நான் பின்னால் ஓடினேன்.

கிளெம் அவரைக் கண்டதும் ஓரடி பின்வைத்தார். பெர்சி வாசலில் நிற்கவில்லை. வீதியைக் கடந்து, ஒரு காரை நிறுத்தி, அத்திமரத்தடிக்கு வந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"உன்ர கை எப்பிடி?" என்றார் பெர்சி.

கிளெம் வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார்.

"மழைக்கு நோகும்."

"அறுபத்து மூண்டு வருசம் கேக்க வேணும் எண்டு இருந்தனான். நீ மெல்பேர்ணில போய் ஒளிச்சிட்டாய்."

"நீ எழும்பி மற்றப் பக்கம் போனாய்."

"ஓமடா, போனன். இப்ப வந்திருக்கிறன். நட, பொடியள் வெளிக்கிட்டாங்கள். பதினாலாம் இலக்கக்காரன் உன்ர பேரனோ? ஓட்டத்தைப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது."

"அவனுக்கு ஏதும் வராதோ?"

"பந்தை விட்டானெண்டா வரும். வா."

பீற்றரின் அணி தோற்றது. எவ்வளவுக்கு என்று நான் எழுதி வைக்கவில்லை. முன்வரிசையில் ஒரே கம்பளியை இரண்டு முழங்காலுக்கும் போர்த்திக்கொண்டு அவர்கள் நடுவரைத் திட்டியதுதான் நினைவிருக்கிறது. ஆட்டம் முடிந்து பீற்றர் சேறோடு ஓடி வந்தான். "தாத்தா! கடைசி நேரத்தில நீங்கள் வரமாட்டீங்கள் எண்டெல்லோ அம்மா சொன்னவ!"

"ரயில் மாறத் தேவையில்லையாம். அதுதான் வந்தனான்" என்றார் கிளெம்.

இனி, போகிறவர்களுக்கு. ஸ்பென்சர் தெரு நிலையத்துக்கு இப்போது வேறு பெயர். ரயில் பதினொரு மணி நேரமளவில் போய்விடும் என்று மகள் சொல்கிறாள், புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலமானால் ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாக வேண்டும். சிட்னிக்கு முந்திய மலைப்பகுதியில், கோல்பர்ன் பக்கம், குளிர் எலும்புக்குள் இறங்கும். சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள்; சம்பல் என்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து. சிட்னியில் ஒரு முறையாவது ரயிலில் பாலத்தைக் கடவுங்கள். திரும்பும்போது படகில் வாருங்கள். எதையாவது கேட்க வேண்டியிருந்தால் வாசலில் கேட்டுவிடுங்கள். எனக்கு இன்றும் அது சுலபமாக வருவதில்லை, ஆனால் கேட்டபின் வரும் நித்திரை நல்ல நித்திரை.

திங்கட்கிழமை அதே ரயிலில் திரும்பினோம். பிற்பகலில் வேகம் குறைந்து, அந்த நீண்ட மேடை யன்னலோரம் ஊரத் தொடங்கியது. போகும்போது நடந்ததை நினைத்து நான் கிளெமைத் திரும்பிப் பார்த்தேன். பை மேல் தட்டில் இருந்தது. தொப்பி முகத்தில் இருந்தது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரயில் ஆல்பரியை விட்டு ஆற்றைக் கடக்கும் வரை நான் அவரை எழுப்பவில்லை.