நாவல் மரத்துக்குப் பூ கேட்டார்கள்

ஏற்காட்டு ரோட்டோர மரங்களுக்கெல்லாம் அங்கப்பன்தான் வைத்தியர். பஞ்சாயத்து ஆபீசில் என்னவோ அவரை மஸ்தூர், அதாவது கூலியாள் என்றுதான் சொல்வார்கள். ஆனி பிறந்துவிட்டால் மனுசனை வீட்டில் பார்க்க முடியாது. ஆடிக் காற்று வருவதற்குள் ஒவ்வொரு மரத்தையும் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். தேறும் மரத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை; வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட். வெட்டச் சொல்லிக் குறி போட்ட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆள்மேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிச் சொல்லியே மனசைத் தேற்றிக்கொள்வார், பாவம்.

எண்பத்து நாலாம் வருசம், மஞ்சக்குட்டை பஸ் நிற்கிற இடத்து நாவல் மரம் அவர் கையில் மாட்டியது. தட்டினால் காலிக் குடம் மாதிரிச் சத்தம். அடியில் ஹலீமாவின் டீக்கடை. புருசன் போன பிறகு அந்த ஒற்றை அடுப்பை வைத்துப் பிழைக்கிறவள். அங்கப்பனுக்கு மட்டும் இஞ்சி தூக்கலாகப் போட்டுக் கொடுப்பாள். அவருக்கு அவள் கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி.

"அம்மிணி, கடையத் தள்ளிப் போட்டுக்க. இந்த மரம் ஆடி தாண்டாது."

"பஸ்ஸு இங்கதானுங்கண்ணா நிக்குது? தள்ளிப் போனா எவன் வந்து குடிப்பான்? இத்தன வருசம் நெழல் கொடுத்த மரம், என்னையவா கொல்லப் போவுது?"

இவளிடம் பேசிப் பிரயோசனமில்லை, மரத்தை வெட்டுவதுதான் வழி என்று குறி போடப் போனார். அங்கேதான் சனியன் பிடித்தது. பெயிண்ட் டப்பா காய்ந்து கல்லாகிக் கிடந்தது. சரி போ என்று, வீட்டில் பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த காவியைக் கரைத்து, போன வருசத்துச் சுண்ணாம்புப் பட்டைக்கு மேலும் கீழும் இழுத்துவிட்டு வந்துவிட்டார். வெள்ளையும் காவியுமாக மரம் கோயில் சுவர் மாதிரி நின்றது. நம் ஊரில் அப்படி ஒரு மரம் நின்றால் சும்மா விடுவார்களா? தலைச்சோலைக்குக் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிற அருக்காணி, மறுநாளே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சூடம் கொளுத்தினார்கள். யாரோ சூலாயுதமும் நட்டுவிட்டார்கள். வெட்ட வந்த ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அங்கப்பன் பதறி ஓடினார். "அருக்காணியக்கா, அது சாமியில்லீங்க! நாந்தானுங்க காவியடிச்சேன். பெயிண்டு காஞ்சு போச்சுங்க!"

அவள் அசரவில்லை. "உன்ற கைக்கு அந்த ரோசனையக் குடுத்தது ஆருங்கறேன்?"

அவரும் சாமிக்குப் பயந்தவர்தானே. கடைசியில் சாமியிடமே பூ கேட்பதென்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. சிவப்பு வந்தால் மரம் இருக்கட்டும். வெள்ளை வந்தால் வெட்டலாம். பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்று பொட்டலம் கட்டுவதை அங்கப்பனிடமே விட்டார்கள்.

கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இலையை மடித்தார். தலைக்கு மேலே கிளை முனகியது. முன்பக்கம் ஹலீமா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே டீ ஆற்றினாள். அங்கப்பன் சிவப்புப் பூவை மடியில் செருகிக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினார். 'என்னைய என்ன வேணும்னாலும் பண்ணிக்க சாமி' என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மரத்தடியில் பொட்டலங்களை வைத்துவிட்டு, சாமி பக்கம் திரும்பாமல் ஹலீமாவின் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்க வந்த அருக்காணி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"உத்தரவு ஆயிப்போச்சு!" என்றது கூட்டம். மரம் வெட்டுகிற செல்லப்பன் மட்டும், "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்தரலாமுங்க" என்று குனிந்தான்.

அருக்காணி வெடுக்கென்று அதைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். "சாமி வாக்குக்குச் சாட்சி கேக்கறியாடா? போயி கவுத்த எடுத்தா!"

கூட்டம் கலைந்தது. அங்கப்பன் தலையைத் தூக்கவே இல்லை. அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "பாவம்னா பாதி எனக்கு. அந்தப் புள்ள கையில நானுந்தான் தெனமும் டீ குடிக்கறேன்."

பஸ் நிற்கிற இடம் என்றுகூடப் பார்க்காமல் அங்கப்பன் அழுதுவிட்டார்.