துரை உடைத்த நிப்பு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தை மை காயாமல் என் கையால் வாங்கினேன். நான் கிழக்கு வங்காளத்தில் ஒரு ஜில்லா கோர்ட்டின் பேஷ்கார். ஜட்ஜ் துரைக்குக் கேஸ் கட்டுகளை எடுத்துக் கொடுப்பவன். பேய்க்குப் பயந்தால் கோர்ட்டில் பிழைக்க முடியாது. அங்கே உயிரோடு இருப்பவர்களே போதும்.

வேக்ஃபீல்டு துரைக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். எழுதிய தீர்ப்பைத் திரும்பிப் பார்த்ததில்லை என்று பெருமை வேறு. ஒரே சாட்சியை நம்பிப் படகோட்டி நிவாரணுக்குத் தூக்கு எழுதினார். தூக்கு எழுதிய பேனா இனி எழுதக்கூடாது என்ற வழக்கப்படி நிப்பை மேஜையில் குத்தி உடைத்தார். இரண்டாகப் பிளந்த அந்த நிப்பை ஆற்றில் எறிந்தவன் நான்தான். அப்பீலும் தோற்றது. லீவு விட்டதும் துரை டார்ஜிலிங் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தூக்கு என்ற நாளும் வந்தது. நிவாரணின் மனைவி கிரோதா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"துரைக்குத் தந்தி அடிங்க பாபு. கொலை நடந்தன்னிக்கு என் புருஷன் சந்தையில இருந்தாரு."

"ரெண்டு அடிச்சாச்சும்மா."

"மூணாவது அடிங்க."

சாட்சி உளறியதை எடுத்துக்காட்டி மூன்றாம் தந்தியில் கேட்கலாமென்று, கேஸ் கட்டை எடுக்கக் கோர்ட்டைத் திறந்தேன். மணி மூன்று இருபது. நல்ல வெயில்.

க்ரீச்... க்ரீச்...

துரையின் அறையில் பேனா ஓடும் சத்தம். கதவு வெளியே பூட்டியிருந்தது.

திறந்தேன்.

துரை உட்கார்ந்திருந்தார். கோட்டிலிருந்து சேறு சொட்டியது.

"தப்புப் பண்ணிட்டேன், பேஷ்கார். நிறுத்தச் சொல்லு."

காகிதத்தை நீட்டினார். விரல் பட்டது. ஐஸ்...

ஓடினேன்.

கையெழுத்தில் ஒவ்வொரு கோடும் இரண்டாக விழுந்திருந்தது. ஜெயிலர் மகிம் பாபு அதை வெகுநேரம் பார்த்தார். டார்ஜிலிங்குக்குத் தந்தி அடித்தார். இரவு ஒன்பது நாற்பதுக்குப் பதில் வந்தது. அன்று காலை பத்து மணிக்கே மண் சரிந்து துரை செத்திருந்தார்.

"செத்தவர் கையெழுத்துக்குத் தூக்கு நிக்காதுங்காணும். இனி நீர் கம்பி எண்ணப் போறீர்."

விடிய விடியக் கெஞ்சினேன்.

ஆறு மணிக்கு ஜெயில் மணி அடித்தது.

என்மேல் விசாரணை நடந்தது. கையெழுத்து துரையுடையதுதான் என்று நிபுணர் எழுதினார். டார்ஜிலிங் டாக்டரின் அறிக்கையும் வந்தது. பிணத்தின் வலது கை இறுக மூடியிருந்ததாம். விரித்தால்... உள்ளே பிளந்த நிப்பு ஒன்று.

என்னை விட்டுவிட்டார்கள். கிரோதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"உசுரோட எழுதினது செல்லும். செத்து வந்து எழுதினது செல்லாதா, பாபு?"