இறக்கைக்குள் ஒரு முடி

செவரினுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. புனித கத்தரீன் திருநாள். இருபத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத பெண்கள் மஞ்சளும் பச்சையுமாகத் தொப்பி போட்டுக்கொண்டு பாரிஸ் தெருக்களில் கும்மாளம் போடும் நாள். விமானத் தொழிற்சாலை முதலாளியோ தன் தையல் பெண்களைச் சர்வதேச விமானக் கண்காட்சிக்கே அழைத்து வந்துவிட்டார். தொப்பிக்காரிகள் பக்கத்தில் நின்றால் விமானத்தைப் பார்க்கக் கூட்டம் சேருமாம். பெரிய மனசுதான்!

செவரின் முன்பு கல்யாண கவுன் தைக்கும் கடையில் இருந்தவள். மணப்பெண்ணின் கவுன் மடிப்பில் தன் தலைமுடி ஒன்றை வைத்துத் தைத்தால், வருஷத்துக்குள் தனக்கும் மாப்பிள்ளை வருவான் என்பது பாரிஸ் தையல்காரிகளின் நம்பிக்கை. கூலி கூடுதல் என்று விமான இறக்கைக்குத் துணி தைக்க வந்தபோது அந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. புது விமானங்களை ஓட்டிப் பார்க்கும் அன்செல்ம் மீது அவளுக்குக் கொள்ளை ஆசை. அவன் ஓட்டப்போகும் இறக்கையில், துணிக்கும் தையலை மூடும் மேல்பட்டைக்கும் நடுவே தன் கரிய முடி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டாள். வார்னிஷ் பூசினால் மறைந்துவிடும் என்று நினைத்தாள். அதே விமானம் இத்தனை விளக்குக்கு நடுவே காட்சிக்கு நிற்கும் என்று யார் கண்டார்கள்?

"ஏன்டீ இப்படித் தவிக்கிற? ஒரு இடத்துல நில்லேன்," என்றாள் கூடவே இறக்கை தைக்கும் தோழி ஓடில்.

"ஷூ கடிக்குதுடீ."

பயந்தது நடந்தது. விமானம் வாங்க வந்த வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இறக்கையைத் தடவிக்கொண்டே வந்து சட்டென்று நின்றார்.

"இங்க விரிசல் விட்டிருக்கே?"

"எங்க சரக்குலயா? இருக்கவே இருக்காதுங்க!" மேஸ்திரி பர்போத்தினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விமானத்தோடு நின்ற அன்செல்மிடம் கை நீட்டினார். "தம்பி, அந்தக் கத்தியக் குடு. பிரிச்சே காட்டிடறேன்."

செவரினுக்கு வேலை போனது போனதுதான். போகட்டும், அன்செல்ம் எதிரிலேயே மானமும் போகப்போகிறதே!

பட்டை கிழிந்தது. மேஸ்திரி எதையோ உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"முடி! எவ வேல இது?"

நீளமான பொன்னிற முடி.

செவரின் திரும்பினாள். ஓடில் தன் பொன்முடியை அவசர அவசரமாகத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அன்செல்ம் காதுவரை சிவந்துபோய் ஓடிலையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவனுக்கு.

செவரினின் கரிய முடி இறக்கைக்குள்ளேயே மறைந்திருந்தது; வேலை பிழைத்தது. ஆனாலும், மாட்டியது தன் முடியாக இருந்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.