பூஜ்யத்தில் ஒரு வீடு

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் ஜீரோ அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. லிப்ட் மெக்கானிக்குகளுக்குத் தரைத்தளம் என்பது பூஜ்யம். அதற்கு மேலேதான் ஒன்று, இரண்டு எல்லாம். மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் மனுஷர்கள் மாதிரி எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். இவர் வீட்டு அலமாரியின் அடித்தட்டைக்கூட பூஜ்யம் என்பார்.

நான் அதே கம்பெனியில் புகார் எழுதுகிறவள். லிப்ட் நின்றுவிட்டது என்று போனில் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்தி, ஒரு சீட்டில் எழுதி, மெக்கானிக் கையில் கொடுக்க வேண்டும். வேலை முடிந்தால் சீட்டில் 'சரி' என்று எழுதி வரும். ஜீரோ அண்ணனின் சீட்டில் சில நாள் 'பார்க்கலாம்' என்று வரும். அப்படியென்றால் முடியாது என்று அர்த்தம். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு நாக்கு எழாது. வாடிக்கைக்காரர் சந்தோஷமாகக் காத்திருப்பார். ரெண்டு நாள் கழித்து நான்தான் போன் செய்து, அந்தப் பார்க்கலாமுக்கு அர்த்தம் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொள்வேன். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊரையே ஏற்றி இறக்குகிற இந்த மனிதர் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். ஐம்பத்து நாலு படி. அண்ணி முப்பது வருடம் தபால் நிலையத்தில் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். ரெண்டு முட்டியும் போய்விட்டது. ஏழு மாதமாகச் சமையலறை ஜன்னல்தான் அவருக்குத் தெரு. நடுவில் ரெண்டு முறை ஆஸ்பத்திரிக்கு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள்.

"பொணத்தையாவது படுக்க வெச்சுத் தூக்குவாங்க. என்னை உக்கார வெச்சுத் தூக்குறாங்க, எல்லாரையும் பாத்துச் சிரிக்க வேண்டியிருக்கு" என்றார் என்னிடம்.

வீட்டை மாற்றலாம் என்று அண்ணி கேட்காத வருடம் இல்லை. பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆனால் இரண்டாவது ஆஸ்பத்திரிப் பயணத்துக்குப் பிறகு அண்ணனே அலைந்து திரிந்து ஒரு வீடு பார்த்தார். ரெண்டு தெரு தள்ளி, தரைத்தளம். சொந்தக்காரர் மருந்துக்கடை நடத்துகிற அம்மாள். மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். "ரெண்டு மாசம் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள உங்க வீட்டை வித்துட்டு வாங்க. அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். முடியாது என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் சிலர்!

அண்ணி அந்த வீட்டைப் போனில் எடுத்த படத்தில்தான் பார்த்தார். அறை எத்தனை, தண்ணீர் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"வாசலுக்கும் தெருவுக்கும் எத்தனை படி?"

"பூஜ்யம்."

அண்ணி சிரித்துவிட்டார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார் என்று மறுநாள் அண்ணன் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் விற்றுப் பார் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். விளம்பரத்தை அண்ணன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'மூன்றாவது தளம்' என்றார், எழுதினேன். வந்தவர்கள் தரையையும் சேர்த்து எண்ணிக்கொண்டு, ரெண்டு மாடி ஏறி, அங்கே இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கிருந்து இன்னும் பதினெட்டுப் படி என்றதும் பாதிப் பேர் அப்படியே திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் மூச்சு வாங்க வந்து, "இது நாலாவது தளங்க" என்று சண்டைக்கு நின்றார்கள். அண்ணன் அவர்களுக்குப் பூஜ்யத்தைப் பற்றி விளக்கம் சொல்வார். வீடு வாங்க வந்தவனுக்குக் கணக்குப் பாடம் எடுத்தால் வாங்குவானா?

"அண்ணே, விளம்பரத்தை மாத்திடலாம்" என்றேன்.

"நான் சொன்னது தப்பில்லையே."

"தப்பில்ல. ஆனா வீடு விக்கலையே."

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அலுப்பாக இருக்கும். காலையில் நானும் அங்கே போய்விடுவேன், துடைத்து, பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து வைப்போம். ஒருவர் வந்து எல்லாக் குழாயையும் திறந்து பார்த்துவிட்டுப் போவார், மூடமாட்டார். ஒரு கணவனும் மனைவியும் எங்கள் எதிரிலேயே அவர்களுடைய பழைய சண்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் போகும்போது சொன்னது ஒன்றுதான்: "பாத்துட்டுச் சொல்றோம்." யாரும் சொல்லவில்லை.

புரோக்கர் அண்ணனைத் தனியே கூப்பிட்டார். "அம்மாவை ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கயாவது அனுப்பிடுங்க. அவங்க காலைப் பாத்தா வர்றவங்களுக்குப் படி ஞாபகம் வந்துடுது."

அவ்வளவு மெதுவாகச் சொன்னது அண்ணிக்குக் கேட்டுவிட்டது. "எங்க அனுப்புறது? இறங்க முடிஞ்சா நான் எதுக்கு வீடு மாத்துறேன்?" என்றார். அப்புறம் அவரே சுவரைப் பிடித்துப் பிடித்து அதே மாடியில் எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சொந்த வீட்டில் மறைத்து வைக்கிற பொருளாகிவிட்டார் மனுஷி. எனக்குப் புரோக்கரைப் படியில் உருட்டிவிடலாம் போலிருந்தது.

சாமான் பாதி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. வெளியே இருந்தது ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஏழு வாரம் ஓடியது. மருந்துக்கடை அம்மாள் சொல்லி அனுப்பினார், வேறொருவர் தயாராக இருக்கிறாராம். வருகிற ஞாயிறு சாயங்காலம் வரைதான் கெடு.

அந்த ஞாயிறு ஒரே ஒருவர் வந்தார். அச்சகம் வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தார், சமையலறையில் நின்று பார்த்தார். பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கடைசியாகத்தான் கேட்டார்.

"அப்பா என்கூடத்தான் இருக்காரு. கால் சரியில்ல. நீங்க லிப்ட் கம்பெனின்னு புரோக்கர் சொன்னாரு. இந்தக் கட்டடத்துல ஒரு லிப்ட் வெக்க முடியுமா?"

முடியாது. அண்ணிக்காக அண்ணன் அந்தப் படிக்கட்டை மூன்று முறை அளந்திருக்கிறார். அந்த அளவுகளை எழுதிக் கொடுத்ததே நான்தான். படிகளுக்கு நடுவில் ஒரு ஆள் திரும்பி நிற்க இடமில்லை. வெளிச்சுவரிலிருந்து கை நீட்டினால் பக்கத்துக் கட்டடம் இடிக்கும். எந்த வழியிலும் வராது.

அண்ணன் தரையைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"பாக்கலாம்" என்றார்.

அச்சகக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களே சொன்னா சரிதாங்க" என்றார். இருபது வருடமாக அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவருவது போல உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலத்துக்குள் பேச்சு முடிந்தது. வீடு கைமாறியது, இவர்கள் பூஜ்யத்துக்கு இறங்கினார்கள். குடிபோன அன்று மாலை அண்ணி தனியாகத் தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தார். வீட்டில் ஏற்கெனவே எட்டுத் தீப்பெட்டி இருந்தது. அண்ணன் வாசலில் நின்று அவர் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து என் மேஜைக்குப் போன் வந்தது. "உங்க மெக்கானிக் லிப்ட் வெக்கலாம்னு சொல்லியிருந்தாரு. அளவெடுக்க ஆள் அனுப்புறீங்களா?" விலாசத்தை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சீட்டு எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு நாள் அது அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் வேறொரு குரல்.

"ஏம்மா, நான் பெரியவர் பேசுறேன். ஜன்னல்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க ஆளைக் காணோமே?"

அதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். "நீயும் கூட வா" என்றார். ஒரு வேலைக்கும் அவர் துணை கேட்டதில்லை.

ஐம்பத்து நாலு படி. அச்சகக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே அண்ணி உட்கார்ந்திருந்த அதே சமையலறை ஜன்னலோரம், அதே பக்கம் முகம் வைத்து, பெரியவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம்.

"நல்ல வீடுங்க, காத்து வருது" என்றார் அண்ணனிடம். "கீழ போற பஸ்ஸுல ஒண்ணுக்கு பிரேக் சரியில்ல. இங்கேருந்தே கேக்குது. இறங்க முடிஞ்சா நானே டிப்போவுல போய்ச் சொல்லிடுவேன். லிப்ட் எப்ப வரும்?"

அண்ணன் வெளியே போய் டேப்பை நீட்டிப் படிக்கட்டை நாலாவது முறையாக அளந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து பெரியவர் எதிரில் நின்றார்.

"முடியாதுங்க" என்றார். "அன்னிக்கே தெரியும். என் வீட்டுக்காரிக்குக் கால் முடியல. அதான் சொல்லல."

இருபது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்க எனக்கு என்ன யோக்யதை? அச்சகக்காரர் அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

"உங்க வீட்டம்மா இப்ப நடக்குறாங்களா?"

"தெருமுனை வரைக்கும்."

"இங்க இருந்தப்ப எப்படி இறங்கினாங்க?"

"நாற்காலியில. ரெண்டு பேர் தூக்கினோம்."

"என் பையன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றார் பெரியவர்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அலுப்பாகத்தான் வருகிறது. காலையில் அண்ணன் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடிப்பார், அச்சகக்காரர் முன்பக்கத்தை. மகன் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, "மெதுவா" என்பதைத் தவிர. கீழே கொண்டுபோய் வைத்தால் பெரியவர் ஒரு மணி நேரம் பஸ்களைத் திட்டிக்கொண்டிருப்பார். மறுபடி ஐம்பத்து நாலு படி மேலே. அந்த வீடும் மறுபடி விளம்பரத்தில் இருக்கிறது. 'மூன்று மாடி ஏற வேண்டும், ஐம்பத்து நாலு படி, லிப்ட் வராது' என்று நானே எழுதினேன். இதுவரை ஒருவரும் வரவில்லை.

அண்ணி வாரா வாரம் நடந்தே அங்கே வந்துவிடுவார், தடியை ஊன்றிக்கொண்டு கட்டட வாசலில் நிற்பார். போன வாரம் பெரியவரை மேலே விட்டுவிட்டு அண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணி.

"இன்னும் எத்தனை நாளைக்கு உங்களால தூக்க முடியும்?"

"பாக்கலாம்" என்றார் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அண்ணி தடியைக் கை மாற்றிக்கொண்டு, அண்ணன் பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுத்தார்.