மூன்று சூரியன் தெரிந்த காலை

இதை எழுத எனக்குப் பல வருஷமாகக் கை வரவில்லை. முருகன் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

இன்று காலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிச் சூரியன்கள் நின்றன. கையிலிருந்த ஈரத்துணி நழுவி விழுந்தது. "மேகத்துல இருக்கிற ஐஸ்ல வெயில் படுதும்மா, அவ்ளோதான்," என்றான் என் மகன்.

முன்பு ஒரு தடவை இதே மாதிரி பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவுக்குப் பிரசவ வலி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் எங்கள் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அம்மாவைப் படுக்க வைத்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் நான்தான் கத்தினேன்: "அப்பா, மூணு சூரியன்!"

பெரியப்பா ஓடி வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மாட்டை அவுருடா. கெட்ட சகுனம் அது, மறையாம வண்டி நகரக் கூடாது."

"வலி ஜாஸ்தியாயிக்கினு இருக்குதுண்ணா," என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்த்தார். நுகத்தடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் ஏற்றினார்கள்.

"சூரியன் எத்தினி இருந்தா எனக்கு இன்னா? இட்டுக்கினு போங்க!" என்று அம்மா வண்டிக்குள்ளிருந்து அலறினாள். நான் கண் கூசக் கூச வானத்தைப் பார்த்து, "போயிடு, போயிடு" என்று கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

அது மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா பிழைத்தாள். தம்பி பாதி வழியில் வண்டியிலேயே பிறந்தான். அவன் அழவே இல்லை.

"நான் சொன்னேன்ல, சகுனம் பலிச்சிடுச்சு," என்றார் பெரியப்பா.

இன்றைக்கும் காலையில் சூரியனைக் கும்பிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். இதை யாருக்காவது சொன்னால், சகுனம் பலித்த கதையாக மாற்றிவிடாதீர்கள். வண்டியை நிறுத்தியது நாங்கள்தான் என்றே சொல்லுங்கள்.