முருங்கைக்கீரை மெஷினுக்கு வந்த நோட்டீஸ்

இது நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் பாண்டிக்கு இன்று வக்கீல் நோட்டீஸ். அவன் செய்து விற்கும் முருங்கைக்கீரை உருவும் மெஷினுக்கு ஏதோ ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருக்கிறதாம்.

"அவிங்க மெஷின் எப்படிப்பா இருக்கும்?" என்றேன்.

"ஒண்ணுகூட செஞ்சதில்லண்ணே. பேப்பர் மட்டும் வச்சிருக்காய்ங்க. நோட்டீஸ் விட்டுப் பணம் வாங்குறதுதான் தொழிலே."

ஒரு கொத்துக் கீரைகூட உருவாத கம்பெனி, பாண்டியை மிரட்டுகிறது. இது என்ன நியாயம்?

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த யோசனைய இருபது வருசத்துக்கு முன்னாடியே நீங்க செஞ்சு காட்டுனதா ஊரெல்லாம் சொல்லுவீகல்லண்ணே? அவிங்களுக்கு முந்தியே இருந்துச்சுன்னா கேஸ் நிக்காதாம். வந்து சாட்சி சொல்லுங்க."

அது நான் அடித்துவிட்ட கதை.

நிஜமாகவே அப்படியொன்றை முன்பே பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என்னைப்போல் பார்த்தவர்கள் வேண்டாம்.